பன்னிரண்டாவது காலுறை

நவம்பரில் புந்தா அரேனாஸ் தெருக்களில்
காற்று ஆளைத் தள்ளாமலிருக்கக்
கயிறு கட்டிவைப்பார்கள்.
அதைப் பிடித்தபடிதான் வேலைக்கு வந்தேன்.

பேறுகாலச் செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
கேட்டிருந்தவை:
முழங்கால் நீளச் சிவப்புக் கம்பளிக் காலுறை, பன்னிரண்டு.
செருப்புப் பெட்டி, பன்னிரண்டு.
பஞ்சு, ஊக்கு, குளிர்பானக் குழல்.
பொருளறைக்காரி நான்.
எதற்கென்று கேட்கும் வழக்கமில்லை.
ஆனாலும் இன்று கதவோரம் நின்றுவிட்டேன்.

காலுறையின் இரு முனைகளையும்
பெட்டியின் இரு சுவர்களில் குத்தினார்கள்.
பஞ்சைத் திணித்தார்கள்.
"இருபத்து மூன்றாம் நாள்" என்றது ஒரு குரல்.
"வளர்ந்துகொண்டே இருக்கிறது, போக இடமில்லை."
இன்னும் பஞ்சு.
காலுறை புடைத்தது, நெளிந்தது,
நெரிசல் பேருந்தில் நிற்பவன்
ஒரு தோளைச் சாய்ப்பதுபோல
வலப்பக்கம் மடங்கியது.
கீழ்ப்பாதி மேலேறி முதுகுக்குப் பின் ஒண்டிக்கொண்டது.
இதயமாம்.
இறைச்சிக் கடையில் நான் வாங்குவது
இப்படித் தொடங்கியதாகத் தெரியவில்லை.

குழலை யாரும் தொடவில்லை.
அது அடுத்த வாரத்துக்கு:
முதல் மூச்சில் மூடிக்கொள்ளும்
ஒரு சின்னக் கதவுக்கு.

தோன்கோ மிமிக்காவின் காலுறை மட்டும்
மறுபக்கம் சாய்ந்திருந்தது.
"வலம்தானே?"
"உன் வலம். பெட்டிக்குள் இருப்பவரின் வலம் வேண்டும்."
சிரிப்பு.
ஊக்கைக் கழற்றக் கை நீட்டினான்.

"விடு" என்றாள் ரயேன் கொலிவோரோ.

சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.
பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்,
மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள்,
இரண்டு முறை, மூன்றாம் முறை கண்ணை மூடி.
"சந்தியாகோவில் ஒரு மருத்துவர்
காகிதத்தில் வரைந்து காட்டினார்.
கீழறைகள் இடம் மாறியிருக்கின்றன என்றார்.
நான் தலையாட்டினேன்.
மகனுக்கு அப்போது நாற்பது நாள்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஜன்னல் தகரம் மட்டும் அடித்துக்கொண்டது.
தோன்கோ கையிலிருந்த பஞ்சை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப் பையில் வைத்தான்.

"இங்கேதான் திரும்பியிருக்கிறது" என்றாள்,
எங்களிடம் அல்ல.
"பலம் குறைந்த அறை
பெரிய வேலையைச் செய்கிறது."
பிறகு, கோபமாகவே:
"ஒரு காலுறை போதுமாயிருந்தது அவருக்கு."

ஐந்து மணிக்குப் பொருட்களை எண்ணினேன்.
பெட்டி பதினொன்று.
காலுறை பதினொன்று.
கயிற்றை ஒரு கையால் பிடித்து
மறுகையில் எதையோ மேலங்கிக்குள் அணைத்தபடி
ஒருத்தி சாலையைக் கடப்பது தெரிந்தது.

பதிவேட்டில் "காரணம்" என்றொரு கட்டம் உண்டு.
"கிழிந்தது" என்று எழுதினேன்,
அடித்தேன்.
"பயன்பாட்டில் உள்ளது."