நாலரையால் பெருக்கு

எங்கள் தொழிலில் குளிரை டன் கணக்கில் விற்கிறோம்.
ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகி
எவ்வளவு சூட்டை விழுங்குமோ
அதுதான் அளவு.
லுசைலில் ஆறு கோபுரங்களுக்கு
நான் அனுப்புவது வெறும் குளிர்நீர்.
ஒரு துண்டு பனியும் போனதில்லை
அந்தக் குழாய்களில், பதினொரு வருடமாக.

ஓகஸ்ட்.
இரவு பத்து மணிக்கும் முப்பத்தெட்டுப் பாகை.
எங்கள் யன்னல் வெளிப்பக்கமாக வியர்த்து வழிகிறது.
சுகிர்தா மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறாள்:
பெப்ரவரி, எட்டு நாள், மூன்று பேர்.

முதலில் செர்மாட் என்றாள்.
சாக்லேட் பெட்டியில் நிற்கிற மலை.
கார் ஓடாத ஊர்.
அறை வாடகை ஃபிராங்கில் இருந்தது,
நாலரையால் பெருக்கி ரியாலாக்கினேன்.
பிழை விட்டிருப்பேன் என்று
இன்னொரு முறை பெருக்கினேன்.
"மலையைத் தள்ளி நின்றும் பார்க்கலாமே."
"படத்திலும் பார்க்கலாம்" என்றாள்.
அந்த ஊர் அத்தோடு முடிந்தது.

எங்கெல்பெர்க்கில் அறைக்குள்ளேயே அடுப்பு உண்டு.
பருப்பும் மிளகாய்த்தூளும் பெட்டியில் போகும்,
மற்றதெல்லாம் காசு.
மேலே ஏற்றிவிடும் கம்பிவண்டிக்குச் சீட்டு,
சறுக்கும் பலகை, தடி, சப்பாத்து, தலைக்கவசம்
நாள் வாடகையில்.
பழக்குகிற வாத்தியாருக்கு மணிக்கணக்கு.
காலை முறித்தால் காப்புறுதி, அது தனி.
"விழுவதற்கா இவ்வளவு?"
"எழும்புவதற்கும் சேர்த்துத்தான்."

அட்டவணையின் அடியில் ஆரூரன்
தானே ஒரு வரி தட்டியிருந்தான்:
சூடான சாக்லேட், தினமும் இரண்டு.
விலை என்ற இடத்தில் ஒரு சிரிப்பு முகம்.

துபாயில் ஒரு மாலுக்குள் பனி இருக்கிறது,
மேல்சட்டையும் அவர்களே தருவார்கள் என்று
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
"மோட்டர் போட்டுச் செய்த பனியா?
உங்கட வேலை இடத்துக்கு நான் ஏன்
டிக்கெட் எடுத்து வரவேணும்?"

அப்போதுதான் தவபாலன் எடுத்தான்.
சுகிர்தாவின் பெரியம்மா மகன்.
அடெல்போடனில் இருபத்திமூன்று வருடம்,
ஒரே ஹோட்டல், ஒரே சமையலறை.
"காசைக் கொண்டுபோய் ஏன் கொட்டுறியள்?
வீட்டை வந்து நில்லுங்கோ."

அறை வாடகைக்கு நேரே சைபர் போட்டேன்.
மொத்தத் தொகை சட்டென்று மெலிந்தது,
நோயாளி போல.

"அண்ணை, புதுசாப் பழகிற ஆக்களுக்கு
எந்தச் சரிவு நல்லம்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அது எனக்குத் தெரியாது, பிள்ளை.
ஆக்கள் சறுக்கிற நேரந்தானே
எங்களுக்கு மத்தியானச் சமையல்.
கோப்பை கழுவுற தொட்டிக்கு மேல ஒரு யன்னல்.
முதல் வருசம் அதுக்குள்ளால பாத்தனான்,
எறும்பு மாதிரி இறங்கிவருவினம்.
பிறகு பாக்கேல்லை.
ஆவி பிடிச்சு, துடைக்கத் துடைக்க மூடிப்போடும்."

சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை.
"உங்கட சப்பாத்து என்ன அளவு?"
"நாப்பத்தொண்டு. ஏன்?"
"சும்மா."

மூன்று பேர் என்றிருந்ததை நான்காக்கினேன்.
சீட்டு, பலகை, தடி, தலைக்கவசம்,
எல்லா வரியும் ஒருமுறை அசைந்து
தொகை எங்கெல்பெர்க்கின் கிட்டப் போய் நின்றது.
பரவாயில்லை.

பிறகுதான் கண்டோம்:
பெப்ரவரியில்தான் அங்கே கூட்டம்.
கூட்டமென்றால் சமையலறையில்
யாருக்கும் லீவு இல்லை.
அதற்கு ஒரு வரி எங்கே போடுவது?

பதினொரு மணிக்கு ஷிஃப்ட்.
சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன்.
மார்ச் கடைசியில் பனி மிஞ்சுமா என்று
தேடிக்கொண்டிருக்கிறாள் சுகிர்தா.
விலை இறங்குமாம்,
அடிவாரத்தில் உருகத் தொடங்கிவிடுமாம்.
"எவ்வளவு உருகும்?" என்கிறாள்.

அது மட்டும் எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.
சொல்லவில்லை.