கடைப்போலி

கடைசி எழுத்தின் கால்
ஒரு நூல் குட்டை என்கிறாள் ரென்ஸ்கே.
க்ரோனிங்கனில், சமையலறை மேசையில்,
கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து
ஒன்பது படம் எடுத்து அனுப்பியாயிற்று.

முந்நூற்று நாற்பது யூரோ.
யாரோ வைத்திருந்து விற்ற பை.
தங்கையின் திருமணத்துக்குத் தோளில் போனது,
படகில் போனது, பல் மருத்துவரிடம் போனது.
அலுவலகத்தில் மாரைக்கே ஒன்றும் சொல்லவில்லை.
காப்பி ஆறும்வரை
அந்தப் பெயரின் வாலையே பார்த்தாள், அவ்வளவுதான்.
சாயங்காலத்துக்குள் பித்தளை இளித்துவிட்டது:
தையல் கோணல், கொக்கி லேசு,
வாசனைகூடத் தோல் வாசனை இல்லையாம்.
நேற்றுவரை இருந்த அதே வாசனை.

பால்டிக் கரையோர லியெபாயாவிலிருந்து
ஸோல்விட்டா எழுதுகிறாள்,
மொழிபெயர்ப்புக் கருவியின் கரடுமுரடில்:
"அசல். பதினோரு வருடம் என்னுடையது.
நான் பொய்யாள் இல்லை."
ரசீது?
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள், இரவு ஒன்றரைக்கு:
"நான் வாங்கியதில்லை. ஓட்டல் சலவை அறையில் வேலை.
இருநூற்றுப் பதினாலாம் அறைக்காரி விட்டுப்போனாள்.
ஆறு மாதம் காத்தார்கள். கேட்டு வரவில்லை.
மேலாளர் எனக்குத் தந்தார்.
அந்த அறையின் வாடகை தெரியுமா உங்களுக்கு?
அங்கே தங்குகிறவள் போலி வைத்திருப்பாளா?"

வைத்திருப்பாளா என்பதற்கு
நிபுணர் இருவர் விடை சொன்னார்கள், தலைக்கு இருபது யூரோ.
ஆன்ட்வெர்ப்காரர்: அசல்.
மிலான்காரர்: உறுதிசெய்ய இயலாது.
பார்த்தது அதே ஒன்பது படம்.

நம் இலக்கணத்தில் போலி குற்றமில்லை.
நிலம் நிலன் ஆகும், பந்தல் பந்தர் ஆகும்,
கடைசி எழுத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும்,
பொருள் அசையாது.
எடுத்துக்காட்டோடு எழுதினால் இரண்டு மதிப்பெண்.
அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

தீர்ப்பு வந்தது, கையெழுத்தில்லாமல்:
பணம் திரும்பும். பை திரும்பக் கூடாது,
போலியைத் தபாலில் அனுப்புவதும் குற்றம்.
வெட்டி அழிக்கவும். காணொளி அனுப்பவும்.
எழுபத்திரண்டு மணி நேரம்.

கோழி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள் ரென்ஸ்கே.
தோல் விட்டுக்கொடுக்கவில்லை.
கத்தரியின் திருகாணி தெறித்து
ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடியது.
இவ்வளவு பிடிவாதம் போலிக்கு வருமா?
கேட்கக் கூடாத ஒருத்தியிடமே கேட்டாள்:
"வெட்டுப்பட மாட்டேன் என்கிறது."
உடனே பதில்:
"உள்ளே சின்னக் கொக்கி இருக்கும்,
என் வீட்டுச் சாவி தொங்கிய இடம்.
அதற்குக் கீழே மெலிசு. அங்கிருந்து வெட்டுங்கள்.
கொதிகலன் பழுதுபார்க்க வைத்திருந்த பணம் அது.
உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை."
எழுதாமலும் இருக்கவில்லை.

சவரக்கத்தியால்
கடைசி எழுத்தை மட்டும் அகழ்ந்தெடுத்தாள்.
பதினான்கு நொடிக் காணொளி. போதுமானதாக இருந்தது.
மறுநாளே பணம் வந்துவிட்டது.
பாதியை அனுப்பலாம் என்று வங்கிச் செயலியைத் திறந்தாள்.
பெறுபவர் பெயரில் எழுத்துப்பிழை என்றது.
மூடினாள்.

இப்போது வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் அதில்தான்.
சைக்கிள் கைப்பிடியில், மழையில்,
ஈறு கெட்ட ஒரு பெயர் ஆடிக்கொண்டு போகிறது.
யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வெட்டிய எழுத்து
இழுப்பறையில் கிடக்கிறது, தீர்ந்த பேட்டரிகளோடு.
எதையோ தேடும்போது விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது.
குட்டைதான் அதன் கால், சந்தேகமில்லை.
எதைவிட என்பதுதான்
ஞாபகத்தில் இல்லை.