நுனிக்காலில் நில்லு

ஜவ்வரிசிக் களத்தில்தான் முதலில் பார்த்தேன்.
ஈரமாவில் கனிஷ்கா ஓடிப்போன தடம்.
கால் வைத்தது மாதிரி இல்லை,
தோசைக் கரண்டியை
வரிசையாக வைத்து எடுத்தது மாதிரி.
மாவு வீணாச்சு என்று மேஸ்திரி கத்தினார்.
நானும் அவளைத்தான் திட்டினேன்.

எட்டு வயதில் சாயங்காலமானால்
கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.
வளர்ற வலி என்றார்கள்.
பத்து வயதில்
அயோத்தியாப்பட்டணம் பஸ் ஸ்டாப்பிலிருந்து
பள்ளிக்கூடம் போய்ச் சேர
மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.
பி.டி. பீரியடில்
மற்றவர்களின் வாட்டர் பாட்டிலுக்குக் காவல்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா "நில்லு" என்றார்.
பாதம் முழுக்கத் தரையில் சரிந்தது.
"நுனிக்காலில் நில்லு."
சுவரைப் பிடித்து எம்பினாள்.
எங்கிருந்தோ வந்தது அந்த வளைவு,
புழுதி அடங்கிய நாளில்
களத்திலிருந்து சேர்வராயன் மலை தெரியுமே, அப்படி.
இறங்கினாள். போய்விட்டது.

"வலிக்கலேன்னா நாங்க தொடவே மாட்டோம்.
தட்டைக் காலோடயே
பேரன் பேத்தி எடுத்தவங்க எத்தனையோ பேர்" என்றார்.
ஒன்றரை வருடம் ஷூவுக்குள் அட்டை போட்டோம்.
படிக்கட்டு விளிம்பில் நிறுத்தி
குதிகாலைத் தொங்கவிட்டு நரம்பை இழுத்தோம்.
வலி அட்டைக்கு அடங்கவில்லை.

அப்புறம் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.
குதிகால் எலும்பை வெளிப்பக்கமாக அறுப்பது,
இடுப்பெலும்பில் ஒரு சில்லு எடுத்து
நடுவில் ஆப்பாகச் செருகுவது,
குட்டையாய்ப் போன குதிநரம்பை நீட்டிவிடுவது.
முதலில் வலது கால்.
இடதை அப்புறம் பார்க்கலாம்.
ஆடுகிற மேசைக்கு அட்டை மடித்து வைக்கிற மாதிரியா என்றேன்.
யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றார்.

நான் கையெழுத்துப் போடும்போது,
"செருப்பைக் கழட்டுங்க, உங்களதையும் பாக்கறேன்."
எனக்கும் அதே தோசைக் கரண்டி.
"வலிக்குமா?"

இருபத்திரண்டு வருடமாக
வெயிலில் காயும் ஜவ்வரிசியைக்
காலால் கிளறி நடக்கிறேன்.
பதில் தெரியவில்லை.
யாரும் கேட்டதில்லை,
நானும்.
"ராத்திரி எரியும். எல்லாருக்கும் எரியறதுதானே" என்றேன்.
அவர் எதுவோ எழுதிக்கொண்டார்.

தியேட்டருக்கு வெளியே இரண்டரை மணி நேரம்.
உள்பக்கமாகவே தேய்ந்த அவள் செருப்பு
என் மடியில், மஞ்சப்பைக்குள்.
அவள் அப்பா லாரியில் நாக்பூர் தாண்டிக்கொண்டிருந்தார்.
"அறுத்துட்டாங்களா?"
மூன்று முறை போன்.

கட்டு நீலம். அவளே கேட்டு வாங்கிய நிறம்.
ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது.
கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டுதான் போனேன்,
முப்பத்தொன்பது கிலோ.
நாலாம் நாள் ராத்திரி இடுப்பு வலிக்கிறதென்று அழுதாள்:
"காலைத்தானே சரி பண்ணச் சொன்னேன்!"
நியாயம்தான்.

தை பிறந்து கட்டைப் பிரித்தார்கள்.
தோலுரித்த குச்சிக்கிழங்கு மாதிரி
வெளுத்து, சூம்பி.
அதை வைத்து நடக்க மாட்டேன் என்றாள்.
ஒரு வாரம் சுவரோடு சுவராக.
பிறகு, யாரும் பார்க்காதபோது, நடு வீட்டில்.

நேற்று வேலை முடிந்து வந்து நிற்கிறேன்,
"அம்மா, நுனிக்காலில் நில்லு."
உலை வைக்கணும் என்றேன்.
"நில்லும்மா."
பீரோவைப் பிடித்து எம்பினேன்.
முட்டி சொடக்கியது.
காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து,
செல்போன் டார்ச்சை
என் பாதத்துக்கு அடியில் அடித்து
வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கும்மா" என்றாள்.
"இறங்காத. இன்னும் கொஞ்சம்."