பச்சை அலமாரி, நீல அலமாரி

என் பொறுப்பில் இரண்டு அலமாரிகள்.
பச்சை, நெஸ்வோக் இயந்திர ஆலை.
நீலம், நெஸ்வோக் கடலுணவு.
நடுவே நிற்கும் காபி மெஷின்
யார் கணக்கு என்று
தணிக்கையாளர் ஆண்டுதோறும் கேட்கிறார்.

ஐலர்ட் நெஸ்வோக்கைப் பற்றிப் பத்திரிகைகள்
எழுதியதெல்லாம் உண்மைதான்:
மூடிக்கிடந்த ஹெர்ரிங் எண்ணெய்க் கொட்டகை,
இரவல் வெல்டிங் மெஷின்,
கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து
முதல் வின்ச்சை வரைந்தது,
சம்பளம் போட வழியில்லாத ஒரு பிப்ரவரியில்
காரை விற்றுவிட்டு
பனிச்சறுக்குக் கட்டையில் ஆலைக்கு வந்தது.
எழுதாமல் விட்டது ஒன்று:
அந்தக் காரை வாங்கியவர் என் அப்பா.
அடிமாட்டு விலைக்குக் கேட்டார், கிடைத்தது.
அந்தப் பணத்தில்தான்
எனக்கு அந்த மாதச் சம்பளம் வந்தது.

பிறகு, திவாலான சால்மன் பண்ணையொன்று.
"என் வின்ச்சை வாங்க ஓர் ஆள் வேண்டாமா?"
என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.
நான்காண்டில் ஃபியோர்டு முழுக்க
அவர் வலைக்கூண்டுகள்
வட்டம் வட்டமாக,
மேசையில் கோப்பை வைத்த ஈரத் தடம் போல.

காலையில் நீலத்தாளில் சொல்வார், நான் தட்டுவேன்:
"தங்கள் விலை அதிகம்.
பத்து சதவீதம் குறைக்காவிட்டால்
வேறு இடம் பார்ப்போம்."
மதியம் எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து
பச்சைத்தாளில் பதில்:
"நீண்டகால உறவைக் கருதி, சம்மதம்."
இரண்டின் அடியிலும் ஒரே கையொப்பம்.
அஞ்சல்தலை செலவு மிச்சம் என்று
நான் ஒருமுறை சொன்னேன்.
"சட்டப்படி, இரண்டும் அந்நியர்கள், பொர்க்ஹில்ட்."

சூரியன் இனி ஜனவரியில்தான் என்று
போய்விட்ட நவம்பர் வாரம்,
நான்காம் கூண்டில்
வின்ச் எண் நூற்றுப் பதினான்கின் பிரேக் பிடிக்கவில்லை.
ரிம்விதாஸின் வலக்கையில் இரண்டு விரல்கள்.
கிளைபேடாவிலிருந்து வந்தவன்;
கையுறையோடு சேர்த்து
ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்,
மீனுக்கு வைத்திருந்த ஐஸ்தான்.
ஒட்டவில்லை.

நீலம் எழுதியது: இயந்திரத்தில் கோளாறு.
பச்சை எழுதியது: பராமரிப்பில் அலட்சியம்.
நீலம்: வழக்குத் தொடர நேரிடும்.
பச்சை: நீதிமன்றத்தில் சந்திப்போம்.
ஆறு வாரம்.
அவர் நாற்காலி மாறிக்கொண்டே இருந்தார்,
என் விரல்கள் பத்தும் தட்டிக்கொண்டே இருந்தன.

ஓர் இரவு பட்டறையில் விளக்கு.
மறந்துபோன சாவிக்காகத் திரும்பி வந்திருந்தேன்.
சட்டைக் கையை மடித்துவிட்டு
தரையில் உட்கார்ந்திருந்தார்,
சுற்றிலும் நூற்றுப் பதினான்கின் பாகங்கள்,
முள் நீக்கிய மீன் போல வரிசையாக.
கையில் ஒரு ஸ்பிரிங், அளவுகோலின் தாடைக்குள்.
"ஐந்து மில்லிமீட்டர்," என்றார்.
"நான் வரைந்தது ஆறு."

ஏன் ஐந்து என்று நான் கேட்கவில்லை.
அந்தப் பத்து சதவீதத்தை
தட்டச்சு செய்தவள் நான்.
எங்கிருந்தாவது குறைய வேண்டுமல்லவா.
ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார்,
மறுபடி எடுத்து அளந்தார்.
ஐந்துதான்.

மறுநாள் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை.
ஜன்னலோரம் நின்றபடி,
"வெறும் தாள் இருக்கிறதா?" என்றார்.
தலைப்பில்லாத தாள் இந்த அலுவலகத்தில் கிடையாது.
பிரிண்டர் டப்பாவில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.
அவரே எழுதினார். நான்கே வரி.
முகவரி மட்டும் என்னைக் கேட்டார்:
ரிம்விதாஸ், மீன்கொட்டகைக்கு மேல், அறை ஆறு.
ஆள் தினமும் எங்களைக் கடந்துதான் போகிறான்,
இருந்தும் அஞ்சல்தலை ஒட்டச் சொன்னார்.

ரிம்விதாஸ் இப்போது தீவன அறையில்,
திரையைப் பார்த்தபடி
இடக்கையால் மௌஸ் பிடிக்கிறான்.
கடிதத்தைப் பற்றிப் பேசியதில்லை.
ஒரு மாதம் கழித்து
பிரிக்காத உறையை என் மேசையில் வைத்துவிட்டு
காபி ஊற்றிக்கொண்டு போனான்.

பச்சையில் வைக்க முடியாது. நீலத்திலும் முடியாது.
என் மதிய ரொட்டி வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது.
தணிக்கையாளர் மார்ச்சில் வருவார்.
அவர் காபி மெஷினைப் பற்றித்தான் கேட்பார்.