நடுவளையம்

சுற்றிலும் முப்பத்திரண்டு பல்.
மனித வாய்க்கும் அதே கணக்குதான்.
ஆனால் இவை ஒருபக்கமாய்ச் சாய்ந்து
புலிநகம்போல் வளைந்துவிட்டன.
கவ்விய செயினை விடவும் மனமில்லை,
பிடித்துவைக்க வலுவுமில்லை.

போன ஞாயிறு செஸ்நட் தடத்தில்
ஈரவேரில் ஏறும்போது
நறுக்கென்று நழுவியது.
கைப்பிடியில் முட்டி இடித்ததில்
இன்னும் கன்றிப்போயிருக்கிறது.

"வளையத்தை மட்டும் மாற்றாதே,
செயினையும் மாற்று" என்றாள் செலஸ்டின்.
அப்போது என் பையில்
முப்பத்தெட்டு வெள்ளிதான் இருந்தது.
உபி சாலைக் கடைப் பையன்
இருபத்தாறு அங்குலச் சக்கரமா என்று கேட்டுவிட்டு
மேல்தட்டில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான்.

இரவு பதினொன்று. புக்கிட் பாஞ்சாங்.
ஒன்பதாம் மாடி நடைவழியில்
வேலைவாய்ப்புப் பக்கத்தை விரித்து
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தினேன்.
உள்ளே மலர்வண்ணனின் குறட்டை.
கிராங்க் லேசில் வரவில்லை,
பதினாறு வருடம் இருந்த இடமாயிற்றே.
ஸ்பேனர்மேல் முழு எடையையும் போட்டேன்.
'டக்'.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது,
அணைந்தது.

மூன்று வளையங்களையும்
வரிசையாய்த் தரையில் வைத்துப் பார்த்தேன்.
பெரியது புதுக்கருக்கு மாறாமல் இருந்தது:
அதைக் கேட்கும் இறக்கம் இந்தத் தீவில் இல்லை.
சிறியது மூச்சுவாங்கும்போது மட்டும்.
தேய்ந்ததெல்லாம் நடுவளையம்.
நாளெல்லாம் மருத்துவமனையில்
முழங்கால்களைப் படமெடுப்பவள் நான்.
எந்தப் பக்கம் ஓடியது வாழ்க்கை என்று
தேய்வைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

நான்கு போல்ட்.
பின்னால் நட்டு கூடவே சுற்றாமல் இருக்க
திருப்புளி முனையைச் செருகி
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது
விரலில் இருந்த கிரீஸில் வழுக்கி
சுவரடியில் மழைநீர் போக விட்ட சந்துக்குள்
உருண்டு
போய்விட்டது.

மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.
யாரும் "ஐயோ" என்று கத்தவில்லை.

லிஃப்டில் இறங்கி ஓடினேன்.
ஏழாம் மாதம் அது.
புல்வெளி ஓரத்தில் தகரத் தொட்டி தகதகக்க
பைஜாமா போட்ட ஒரு பெண்
மஞ்சள் தாள்களை எரித்துக்கொண்டிருந்தாள்.
கைபேசி வெளிச்சத்தில் நான் மண்டியிட்டுத் தேட,
என்ன என்று புருவத்தால் கேட்டாள்.
கட்டைவிரல் நுனியைக் காட்டினேன், "இவ்வளவு,
இரும்பு" என்று மலாயில் சொன்னேன்.
சட்டென்று சிரித்துவிட்டாள்.
படையல் தட்டில்
வேர்க்கடலைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே
கிடந்தது என் போல்ட்.

எடுக்கக் கை போகவில்லை.
இறந்தவர்களுக்கு வைத்த தட்டல்லவா.
"எடு லா" என்றாள்.
"அவங்க யாரும் சைக்கிள் ஓட்டுறதில்ல."
அப்படியும் விடாமல்
அதற்குப் பதிலாய் ஒரு ஆரஞ்சைக் கொடுத்து அனுப்பினாள்.

ஒருமணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது.
பரீட்சைக்கு ஏற்றம் வேண்டும்.
பன்மாடி கார் நிறுத்துமிடத்தின்
சரிவுப் பாதையில் ஏறினேன்.
முதல் தளம், இரண்டாம் தளம்,
புதுவளையம் பளபளவென்று
வெண்ணெயாய் ஓடியது.
மூன்றாம் தளத் திருப்பத்தில் எழுந்து மிதித்தேன்.
கரகர.
கரகர, நறுக்.

செலஸ்டின் சொன்னது சரிதான்.
நீண்டுபோன செயினும் வளைந்துபோன பல்லும்
ஒன்றையொன்று தின்று தின்றுதான்
ஒத்துப்போயிருந்தன இத்தனை நாளும்.
நேராய் நிற்கும் பல்லை
இந்தச் செயினுக்குப் பழக்கமில்லை.

சம்பளம் இருபத்தைந்தாம் தேதி.
அதுவரை பேருந்து.

வீட்டுக்கு வந்து ஆரஞ்சை உரித்துத் தின்றேன்.
சர்க்கரை வந்தபிறகு மலர்வண்ணன்
அரிசி அளக்கும் சின்னத் தராசில்
பழைய வளையத்தை வைத்துப் பார்த்தேன்.
புதியதன் அட்டையில் போட்டிருந்ததைவிட
மூன்று கிராம் குறைவு.

மூன்று கிராம்.
செஸ்நட் சேற்றில் கொஞ்சம்,
உபின் படகுத்துறையில் கொஞ்சம்,
துவைத்தும் போகாத காற்சட்டை ஓரத்தில் கொஞ்சம்.

காலையில் அவன் அரிசி அளந்தபோது
தராசுத் தட்டில்
பல் பல்லாய் ஒரு கறுப்பு வட்டம்.
"இது என்ன" என்றான்.
நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.