எடை குறைந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை

ராலின்ஸ், வயோமிங். இரவு ஒன்பதே முக்கால்.
நெடுஞ்சாலை எண்பதின் தலைக்கு மேல்
மஞ்சள் புள்ளிகளாய் எரிகிறது பலகை:
காற்று அறுபத்தெட்டு மைல் வேகம்.
எடை குறைந்த, உயரமான வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

என்னைத்தான் சொல்கிறது.
ஐம்பத்து மூன்றடிப் பெட்டி. உள்ளே
இரண்டு மரத்தட்டு, ஒரு துடைப்பம்,
சால்ட் லேக்கில் இறக்கிய நாய்த்தீனியின் வாசனை.

காலையில் தரகன் கூப்பிட்டான்.
பெயர் ட்ரெண்ட். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ,
பின்னால் யாருக்கோ பிறந்தநாள், கைதட்டல்.
காகிதச் சுருள், முப்பத்தெட்டாயிரம் பவுண்டு,
ஷயான் வரை. நானூற்று எண்பது டாலர்.
"எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், வெர்லின்?"

எப்படியும் அந்தப் பக்கம்தான்.
இந்த ஒரு வாக்கியத்துக்குத் தலையாட்டியே
லாரியை விற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது என் கணக்கு.
சரக்கோடு ஓடினாலும் சும்மா ஓடினாலும்
மைலுக்கு ஒரு டாலர் அறுபத்திரண்டு சென்ட்.
டீசல், டயர், காப்பீடு, எண்ணெய், சுங்கம்.
இதில் நான் இன்னும் சாப்பிடவே இல்லை.
மார்ச்சில் வண்டிக் கடன் தீர்ந்தது.
ஏப்ரலில் டர்போ போனது.
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டிய பில்லை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள் ஜோலீன்,
பன்னிரண்டு தவணையில் நான்கை அடித்துவிட்டு.

"கட்டுப்படியாகாது, ட்ரெண்ட்."
அவனுக்கு வருத்தம்கூட இல்லை.
அடுத்த எண்ணை அழுத்தியிருப்பான்.
நான் காலி வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன்,
எவன்ஸ்டனில் ஒரு காபி,
கொஞ்சம் சீட்டியடித்துக்கொண்டுகூட.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள்.
பக்கத்தில் நின்ற வெள்ளை லாரி கிளம்புகிறது.
டெஸ்ஃபாமைக்கேல், டென்வரில் வீடு, அஸ்மாராவில் அம்மா,
அவனுக்கும் சொந்த வண்டிதான்.
கடையில் சூப் குடித்தபோது பேசினோம்.
காகிதச் சுருள் ஏற்றியிருக்கிறான்.
ஷயானுக்கு.
எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
சூப்பில் உப்பு ஜாஸ்தி என்றான்.
அவன் போகலாம். அவனிடம் எடை இருக்கிறது.

காற்று பெட்டியைத் தோளோடு பிடித்து உலுக்குகிறது,
பாக்கி கேட்க வந்தவன் மாதிரி.
படுத்தபடி கூட்டிப் பார்க்கிறேன்:
அந்த நானூற்று எண்பதை வாங்கியிருந்தால்
இந்நேரம் எல்க் மவுன்டனைத் தாண்டியிருப்பேன்.
நாளை மதியத்துக்குள் க்ரீலி போய்ச் சேராவிட்டால்
மெம்ஃபிஸுக்குப் போகும் பீன்ஸ் மூட்டைகள்
வேறு யாருக்கோ. மூவாயிரத்து இருநூறு. நல்ல சரக்கு.
கழிக்கிறேன். மறுபடி கழிக்கிறேன்.
'மாட்டேன்' என்ற சொல்லை
வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?
எடைமேடையில் ஏற்றினால் முள் அசையாது.
காற்றுக்கு அது நன்றாகத் தெரிகிறது.

கம்பெனி வண்டி ஓட்டிய பதினோரு வருஷத்தில்
ஒரு தடவை சொன்னதில்லை அந்தச் சொல்லை.
வாய் இருந்தது. வண்டி இல்லை.

ஜோலீனுக்கு மெசேஜ் அனுப்பினேன்: ரோடு மூடியிருக்கிறது.
எதை ஏற்றியிருக்கிறாய் என்று கேட்டாள்.
துடைப்பம், என்றேன்.
சிரிக்கும் முகம் ஒன்று வந்தது,
கொஞ்ச நேரம் கழித்து,
தவணை வெள்ளிக்கிழமை, என்று இன்னொன்று.

நாலு பத்துக்குப் பலகை அணைந்தது.
காற்று நின்றுவிடவில்லை, அறுபதுக்குக் கீழே இறங்கியிருக்கிறது,
அவ்வளவுதான்.
குளிரில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது.
ஸ்டீயரிங்கைக் காற்றின் பக்கமாகக் கால் அங்குலம்
சாய்த்துப் பிடித்துக்கொண்டால் நேராகப் போகிறது வண்டி.

மைல்கல் இருநூற்றுப் பதினாறு.
ஒன்று அறுபத்திரண்டு.
இருநூற்றுப் பதினேழு.
மூன்று இருபத்து நாலு.