முப்பது எண்ணும் வரை

இடுப்பொடிந்து கிடந்தது.
காதில் மஞ்சள் வில்லை, எண் நாற்பத்தொன்று.
பனிக்கட்டியில் சறுக்கி
மதகுக் குழாயின் வாயில் விழுந்திருந்தது.
யார்க்டனிலிருந்து மருத்துவர் வர வேண்டும்,
சாலையை மூடிவிட்டார்கள்.
ஆகவே நான்.

லீவரை இறக்கி ஏற்றினேன்.
தோட்டா உள்ளே போனது கைக்குத் தெரிந்தது.
நெற்றிக்கு நேரே வைத்து
இழுத்தேன்.
டிக்.

அவ்வளவுதான்.
வெடிக்காத தோட்டா
தாமதித்தும் வெடிக்கும், குழலை அசைக்காதே,
முப்பது எண்ணு என்பது பாதுகாப்பு வகுப்பின் பாடம்.
எண்ணினேன்.
பதினொன்றில் ஆடு கண்ணிமைத்தது.
பத்தொன்பதில்
கடைவாயில் ஒதுக்கியிருந்த வைக்கோலை
மறுபடி மெல்லத் தொடங்கியது.
முப்பது.
அடுத்த தோட்டா வெடித்தது.
மென்றது பாதியில் நின்றது.

"தோட்டா பழசு, ஓரிஸ்யா"
என்றார் தொலைபேசியில் மெர்ல் ஃப்ரீசன்.
"விளிம்பில் மருந்து ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும்.
திருப்பிப் போட்டு அடிச்சுப் பார்."
புதுப் பெட்டியைப் பிரித்து
கொட்டகைக்குப் பின்னே
மண்மேட்டைப் பார்த்துப் பத்து சுட்டேன்.
மூன்று சுடவில்லை.
அந்த மூன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டு சுட்டன.
மெர்லுக்குப் பாதி மதிப்பெண்.

இரவு, சமையலறை மேசைமேல்
கோதுமை விலை அச்சிட்ட பழைய தாளை விரித்தேன்.
குழாயைக் காலி செய்து
அறைக்குள் கண்ணால் ஒருமுறை,
சுண்டுவிரலால் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
சுட்ட தோட்டாக்களின் விளிம்பில் ஆழமான வெட்டு.
சுடாததில்
மெழுகில் குழந்தை நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.

போல்ட்டைக் கழற்றினேன்.
யாரோ தாராளமாக விட்ட எண்ணெய்,
மைனஸ் முப்பத்திரண்டில்
கம்பிப் பதத்துக்கு வந்திருந்தது.
வழித்தேன்.
அறையின் வாயில் ஈயமும் மெழுகுமாய் ஒரு வளையம்,
தோட்டாவை மயிரிழை வெளியே நிறுத்துகிறது.
சுத்தியலின் முதல் அடி அதைத் தள்ளுவதற்கே
செலவாகிப்போகும்.
பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.
குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அப்புறம்தான் ஊசியை
லென்ஸுக்கு அடியில் பிடித்தேன்.
முனை மழுங்கியிருந்தது.
அறையின் உதட்டில்
அதே அகலத்தில் ஒரு பள்ளம்.
தோட்டா இல்லாமல் இழுத்தால்
ஊசிக்கு அடிக்க எஃகுதான் கிடைக்கும்.
ஓரிரு தடவையில் இப்படிக் குழிவிழாது.
நூறு?
ஐநூறு?

ஜனவரி.
பொட்டாஷ் சுரங்கத்தில் ஆட்குறைப்பு.
தரஸ் அடித்தளத்தில் படுக்கத் தொடங்கிய மாதம்.
நள்ளிரவில் கீழிருந்து ஒரு டிக்.
வெகுநேரம் கழித்து இன்னொரு டிக்.
சூடேற்றியின் குழாய் குளிர்கிறது என்று
நான் புரண்டு படுத்தேன்.

புது ஊசிக்கு சாஸ்கட்டூனில் சொல்லிவைத்தேன்,
பதினோரு டாலர், ஒன்பது நாள்.
பள்ளத்தைப் பட்டறைக்காரர்தான் நிமிர்த்த வேண்டும்.
துப்பாக்கியை அலமாரியில் பூட்டி
சாவியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
தோட்டாக்களை வேறோர் இடத்தில் வைத்தேன்.
எங்கே என்று இதில்கூட எழுதமாட்டேன்.

பிறகு கீழே இறங்கினேன்.
ஒலியை அணைத்துவிட்டு
ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான்.
"தூக்கம் வரலையா?"
"ம்."
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
சூடேற்றி நின்றது.
குழாய் குளிர்ந்தது. அதற்கும் ஒரு சத்தம் உண்டு,
ஆனால் அந்தச் சத்தம் இல்லை.
எதையும் அசைக்காமல்
மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது.
முப்பது.
நூற்றுப் பத்தோ என்னவோ,
திரையைப் பார்த்தபடியே கேட்டான்:

"ஆடு ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"